மலர்வளையம் வைத்த பிறகு: ஒரு சங்கமும் ஒரு குடும்ப ஓய்வூதியமும்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. அந்த அளவுக்குப் பெயர் வாங்காவிட்டாலும், வீட்டுக்கு வீடு கருப்பு டிரங்குப் பெட்டி இருக்கிற ஊர்கள் ஐந்தாறு எங்கள் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி இருக்கின்றன. அந்த நிறுத்தத்தில் நான் பொதுச் சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதார், பான், பட்டா, வில்லங்கம், ஓய்வூதியர்களுக்கு ‘உயிரோடு இருக்கிறார்’ என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட். கடையை ஒட்டிய அறையில் முன்னாள் படைவீரர் சங்கம். நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

இது அந்தச் சங்கத்தின் கைவழியாகப் போன ஒரு கோப்பைப் பற்றியது. கோப்புக்கு உரிய அம்மா எழுதச் சொல்லிவிட்டார். “என் பேரு வேணாம், புள்ள பேரும் வேணாம், மத்தபடி எழுது தம்பி” என்றார். கணவர் இருந்த படைப்பிரிவையும் நானாகவே விட்டுவிடுகிறேன். பிழை என்று வரும் இடங்களில் எந்த அலுவலகத்தின் பெயரும் இருக்காது. அந்தப் பிழைகள் எல்லா அலுவலகத்திலும் நடப்பவை, எங்கள் அறையிலும் நடந்தவை.

அறை

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எழுபது சொச்சம் உறுப்பினர்கள், மாதச் சந்தா 100 ரூபாய், ஒரு பீரோ, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கொடிக்கம்பம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திறப்பார்கள். தலைவர் காலாட்படையில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். செயலாளர் ஹவில்தார், பட்டாளத்தில் கிளார்க். சுபேதார் போன்ற ஜேசிஓக்களைத்தான், அதாவது இளநிலை அதிகாரிகளைத்தான், பட்டாளத்தில் ‘சாப்’ என்பார்கள். இங்கே அவருக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டு ‘கிளார்க் சாப்’ ஆகிவிட்டார். தலைவருக்கு மாலை போடுவார்கள், வேலைக்கு இவரைத் தேடுவார்கள்.

மேலே பெரிய அமைப்புகள் இருக்கின்றன. ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1964-ல் தொடங்கிய அகில இந்திய முன்னாள் படைவீரர் லீக் உண்டு. அரசுத் தரப்பில் டெல்லியில் கேந்திரிய சைனிக் போர்டு, அதற்குக் கீழே மாநில அளவில் ஒன்று, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம். கொடி நாளான டிசம்பர் 7 அன்று பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திவிட்டு உண்டியல் நீட்டுகிறார்களே, அந்தப் பணம் இவர்கள் நலனுக்குத்தான் போகிறது. எங்கள் அறை இந்த ஏணியின் எந்தப் படியிலும் இல்லை. ஏணி எங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுகிற வேலைதான் அதற்கு.

ஊரில் இதைக் ‘கேன்டீன் சங்கம்’ என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. படைவீரர்களுக்குச் சலுகை விலையில் சாமான் தரும் சிஎஸ்டி கேன்டீனுக்கு மாதாமாதம் வேன் பேசிப் போவது இங்கிருந்துதான் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வேலை எதுவும் இல்லாமல் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் ஞாயிறு தவறாமல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருவார். ஒரு மணி நேரம் இருப்பார். இரண்டு வாக்கியம் பேசினால் அதிகம். மனைவி போனபின் ஆரம்பத்தில் காலையிலேயே குடித்துக்கொண்டிருந்தவர். யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்து, “ஞாயித்துக்கிழமை நீதான் தொறக்கணும்” என்றார் சுபேதார், அவ்வளவுதான். சரி, அது வேறு கதை.

“எந்த அப்பாவுக்கு?”

2024 சித்திரையில் ஒரு நாள் அந்த அம்மாவின் மகன் என் கவுன்டருக்கு வந்தான். தோல் தொழிற்சாலையில் வேலை. கையில் அப்பாவின் ஆதார். “அண்ணா, அப்பாவுக்கு லைஃப் சர்டிபிகேட் போடணும். பென்ஷன் நின்னுடுச்சி.”

அவன் அப்பா தை மாதமே இறந்துவிட்டார். சங்கத்திலிருந்து இருபது பேர் பெரே தொப்பியும் மெடலுமாகப் போய் மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்துவிட்டு வந்தார்கள். அந்த வளையத்துக்குப் பூ வாங்கியது என் வண்டியில்தான்.

“எந்த அப்பாவுக்கு?” என்றேன்.

பையன் ஏமாற்றுகிறவன் இல்லை. அப்பாவின் ஏடிஎம் கார்டும், கார்டு உறையில் எழுதி வைத்த பின் நம்பரும் வீட்டில் இருந்தன. மாசி மாதம் பணம் வந்தது, எடுத்தான். பங்குனியிலும் வந்தது, எடுத்தான். அப்பா பணம் அம்மாவுக்குத் தானாகவே வரும் என்று நினைத்திருக்கிறான். ஆண்டுச் சரிபார்ப்பு நாள் தாண்டியதும் நின்றுவிட்டது. இறந்த செய்தியை யாரும் எங்கேயும் பதியவே இல்லை.

வீரர் இறந்த நாளோடு அவருடைய ஓய்வூதியம் முடிந்துவிடும். மறுநாளிலிருந்து மனைவிக்கு உரியது குடும்ப ஓய்வூதியம். அது வேறு தொகை, வேறு பதிவு. நடுவில் பழைய கணக்கில் வந்து விழுவதை எடுத்துவிட்டால் கூடுதலாகப் போனதைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள். கிளார்க் சாப் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையனிடம் கேட்டது ஒரே கேள்வி: “அப்பா பெட்டி எங்கடா?”

பெட்டி

அடுத்த ஞாயிறு நானும் போனேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. கருப்பு பெயின்ட். மூடியின் மேல் வெள்ளையில் நம்பர், ரேங்க், பெயர், கடைசியில் ரயில் நிலையத்தின் பெயர். பட்டாளத்துக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு இந்த எழுத்தைப் பார்த்தாலே வயிற்றில் ஏதோ செய்யும். என் அப்பா பெட்டியில் எங்கள் ஸ்டேஷன் பெயரை யாரோ ஒரு வடக்கத்திய பெயின்டர் ஒரு எழுத்து விட்டு எழுதியிருந்தார். கடைசி வரை அப்படியே இருந்தது.

“தொறந்து பாத்தீங்களாம்மா?” என்றார் கிளார்க் சாப்.

“அவரு பெட்டிய நான் தொட்டதில்லீங்க சார்.”

நாற்பத்தைந்து வருட வாழ்க்கை. பணம் எவ்வளவு வருகிறது என்று தெரியும், எங்கிருந்து, எந்தக் காகிதத்தின் பேரில் வருகிறது என்று தெரியாது. இதை அந்த அம்மாவின் குறையாக எழுதவில்லை. பெட்டிச் சாவி அரைஞாணில் தொங்கிய ஆளும், அவர் மாதிரி எழுபது பேர் வாரா வாரம் கூடிய சங்கமும் ஒருநாள்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை. கேன்டீன் கார்டைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதி போதும்.

சாவி கிடைத்தது. உள்ளே நாப்தலின் உருண்டை வாசனை, ஆலிவ் பச்சை ஸ்வெட்டர், ஒரு மெஸ் டின், நூலால் கட்டிய இன்லேண்டு லெட்டர்கள். பிளாஸ்டிக் உறைக்குள், பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக், அதற்குள் நான்காக மடித்த பிபிஓ. அதாவது ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் ஆணை. கிளார்க் சாப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குடும்ப விவரப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த அம்மாவின் பெயரை முனியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் அப்படித்தான். வாக்காளர் அட்டையில் முனியம்மா. பட்டாளத்துப் பதிவில் மணி அம்மா.

காரணம் எளிது. 1979-ல் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்பியவர், கிளார்க்கிடம் வாயால் சொல்லியிருக்கிறார். தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை எழுதி பார்ட் டூ ஆர்டர் போட்டுவிட்டார். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாமே அந்த ஆர்டரில் வந்தால்தான் பட்டாளத்தைப் பொறுத்தவரை நடந்ததாகக் கணக்கு. அதில் ஏறிய எழுத்து டிஸ்சார்ஜ் புக்குக்குப் போனது, அங்கிருந்து பிபிஓவுக்குப் போனது, அதிலிருந்து கணினிக்கு வந்தது. யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை.

“நானே எத்தன பேரு பொண்டாட்டி பேரக் கெடுத்திருக்கேனோ” என்றார் கிளார்க் சாப். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஞ்சாபி, நாகா, கூர்க்கா என்று நூற்றுக்கணக்கான பெயரைக் காதில் கேட்டு எழுதிய ஆள் அவர்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் அதற்குள் வெளியே போய், தெருவில் ஒருத்தி, “வடக்க ஒருத்திய வெச்சிருந்தாராம், அவ பேருலதான் பென்ஷனாம்” என்று கிளப்பிவிட்டாள். “மணியம்மா யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்று அழுதார். சுபேதார் அன்று சாயங்காலமே டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து, டீக்கடையில் உட்கார்ந்து, பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன என்று அரை மணி நேரம் சத்தமாக விளக்கினார். எந்தத் திட்டத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் அந்த அம்மா அன்றைக்குத்தான் சாப்பிட்டாராம்.

காகிதம் போகும் வழி

முன்பெல்லாம் வங்கி மேனேஜர்தான் எல்லாம். பிபிஓ நகல் வங்கியில் இருக்கும், அவர் மனது வைத்தால் வேலை நகரும். 2021-லிருந்து படிப்படியாக ஸ்பார்ஷ் என்ற இணைய அமைப்புக்கு எல்லாரும் மாற்றப்பட்டார்கள். பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து நேரடியாகக் கணக்கில் விழுகிறது. வங்கியின் வேலை பணத்தை வாங்கி வைப்பதோடு சரி. அந்த அம்மா போன கிளையிலும் “எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். சொன்னது தப்பில்லை. யார் கையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பெயரைத் திருத்தும் அதிகாரம், அந்தந்தப் படைப்பிரிவின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். இந்த ஊர்ப் பெயர்கள் தெரியாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மூன்று முறை போய் வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொகையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வீடுகளில் இது தெரியாது. ஓய்வு பெற்றபின் இறந்த வீரரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் இறந்திருந்தால் ஏழு ஆண்டுக்கோ, அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரைக்கோ, எது முந்தியதோ அதுவரை 50 விழுக்காடு. பணி காரணமாக இறந்தால் 60. போர்க்களத்தில் என்றால் முழுச் சம்பளம். எதுவானாலும் 9,000 ரூபாய்க்குக் குறையாது, அதன்மேல் அகவிலை நிவாரணம் உண்டு. அந்த அம்மாவின் கணவரும் ஹவில்தார்தான், இறந்தபோது 71 வயது, ஆகவே 30 விழுக்காட்டுக் கணக்கு. வந்துகொண்டிருந்ததைவிடக் குறைவு என்பதையும் முதல் நாளே கிளார்க் சாப் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டார். அது பெரிய உதவி. பாதிப் பேர் குறைந்த தொகை வந்ததும் யாரோ தின்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என் கணினியில் இறப்பைப் பதிந்தோம். மறுபக்கம் ரெக்கார்ட்ஸுக்கு விண்ணப்பம். கிளார்க் சாப் எழுதும் கடிதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் எண், ஒவ்வொரு தாளின் தலையிலும் வீரரின் நம்பர், ரேங்க், பெயர். “தாள் தனித்தனியாப் போனாலும் நம்பர் கூடவே போகணும் தம்பி.” இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக் நகல், பிபிஓ நகல், ஆதார், புதிதாக எடுத்த பான், பாஸ்புக், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய அபிடவிட், விஏஓ சான்று. உதவி இயக்குநர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஏழாவது வாரம் திரும்பி வந்தது. பெயர் சிக்கலால் இல்லை. பழைய கூட்டுப் புகைப்படப் படிவத்தில் மனைவி வைத்தது கைநாட்டு, இப்போது விண்ணப்பத்தில் இருப்பது கையெழுத்து. ஒரே ஆள்தானா என்று கேட்டிருந்தார்கள்.

கிளார்க் சாப் அந்த அம்மாவிடம் விசாரித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். கணவர் வடக்கே இருந்த காலம். ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்து, அவர் லீவில் வந்தபோது போட்டுக் காட்டினாராம். பட்டாளத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எழுதப் படித்த ஒரே காரணத்துக்காக ஒரு கோப்பு திரும்பி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது முறை கைநாட்டும் கையெழுத்தும் ஒரே தாளில், இரண்டு முன்னாள் வீரர்களின் சாட்சியோடு போனது.

நடுவில் எட்டு மாதம்

காகிதம் நடக்கிற வேகத்தில் அடுப்பு எரியாது. மகனின் சம்பளத்தில் பாதி வண்டிக் கடனுக்குப் போகிறது. வந்து கேட்கும் பழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லை. மளிகைக்கடையில் பாக்கி நிற்கிறது என்று ஷூ பாலிஷ்காரர்தான் வந்து சொன்னார். அவர் அதிகம் பேசாததால் எல்லாம் காதில் விழும்போல.

மாதம் 3,000 சங்கத்திலிருந்து கொடுக்கலாமா என்று அந்த ஞாயிறு பேச்சு வந்தது. சுவர் வழியாக முழுவதையும் கேட்டேன். ஒருவர் கூடாது என்றார். “சங்கம் பேங்க் இல்ல சாப். இன்னிக்கு இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேரு நிப்பாங்க.” இன்னொருவர், இறந்தவர் மூன்று வருடமாகச் சந்தா கட்டவில்லை என்று நோட்டைக் காட்டினார். சுபேதார் முடிவெடுக்காமல் டீ சொன்னார். முடிவில் சங்கப் பணத்தைத் தொடவில்லை. பொருளாளரும் இன்னும் நான்கு பேரும் தங்கள் கையிலிருந்து போட்டார்கள், கடன் என்று சொல்லியே கொடுத்தார்கள். கடன் என்பதால்தான் அந்த அம்மா வாங்கினார்.

கூடாது என்று சொன்னவர் மேல் எனக்கு அன்று கோபம். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. எழுபது பேர் சந்தாவில் ஒரு குடும்பத்தை எட்டு மாதம் தாங்க முடியாது. அப்படித் தாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் அந்த அம்மா சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தார். மகன் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டான். முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் தொடங்கிய இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் கணவர் உறுப்பினர், மனைவிக்கும் கார்டு உண்டு. அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் சேர்க்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். மகனுக்கு இது தெரியாது. கிளார்க் சாப் அன்று ராத்திரியே போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு போன்தான். போடாமல் விட்டிருந்தால் பில் முழுவதும் வீட்டின் தலையில் விழுந்திருக்கும்.

ஐப்பசியில் திருத்திய பிபிஓ வந்தது. அடுத்த மாதம் நிலுவை மொத்தமும் ஒரே தடவையில் கணக்கில் ஏறியது, மகன் எடுத்ததில் கூடுதலாகப் போனதைக் கழித்துக்கொண்டு. அந்த அம்மா முதலில் மளிகைக்கடைக்குப் போனார், அப்புறம் பொருளாளர் வீட்டுக்கு. ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள்

இந்தக் கோப்பு சங்கத்தில் ஒரு வழக்கத்தை மாற்றியது. இறந்த அன்று மலர்வளையமும் சல்யூட்டும் முன்போலவே. பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் இரண்டு பேர் மறுபடியும் போகிறார்கள், காகிதத்தைப் பற்றிப் பேச மட்டும். ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள் என்பது முதல் வார்த்தை. பெட்டி எங்கே என்பது இரண்டாவது.

உயிரோடு இருக்கும்போதே பெட்டியைத் திறப்பது இன்னும் சிரமம். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு மனைவியோடு வாருங்கள் என்று சொன்னால் முதலில் நான்கு ஜோடிதான் வந்தது. “என்ன சாப், என்ன இப்பவே அனுப்பி வெக்கறீங்களா?” என்று ஒருவர் கேட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்காமல் டிஸ்சார்ஜ் புக்கை என்னிடம் நீட்டி, “ரெண்டு ஜெராக்ஸ் போடு தம்பி” என்றார். அதில் அவர் பெயர் சரியாக இருந்தது. மூத்த மகனின் பெயர் இல்லவே இல்லை.

அந்த மகன் மனவளர்ச்சி குன்றியவர், நாற்பது வயது தாண்டியவர். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவருக்கும் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் பதிவில் பெயரே இல்லாத பிள்ளைக்கு, பெற்றோர் போனபின் யார் நின்று வாதாடுவது? மருத்துவச் சான்று, பிறப்பைப் பதியும் ஆர்டர், கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சட்டப்படிப் பாதுகாவலர் நியமனம் என்று அந்தக் கோப்பு இப்போது ஓடுகிறது. அப்பா உயிரோடு இருப்பதால் எல்லாம் ஒரு கையெழுத்தில் நடக்கிறது. என்னைக் கேட்டால் எட்டு மாதம் போராடி வாங்கிய ஓய்வூதியத்தைவிட இந்த ஜெராக்ஸ்தான் பெரிய வேலை.

நடக்காமல் போனதையும் எழுத வேண்டும். ஏழு வருடத்திலேயே குடும்பக் கஷ்டம் என்று விலகி வந்த ஒருவர் இருந்தார். 15 வருடம் இல்லாததால் ஓய்வூதியம் கிடையாது. 65 வயதுக்கு மேல் வருமானமில்லாத இப்படிப்பட்டவர்களுக்கு சைனிக் போர்டின் வறுமை உதவித்தொகை இருக்கிறது. கேட்க டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் வேண்டும். அதை ஒரு போகியன்று, பழைய பாயோடும் கிழிந்த தலையணையோடும் சேர்த்து மருமகள் எரித்துவிட்டார். பெட்டி அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போயிருந்தது. நம்பர் தெரிந்தால் நகல் கேட்டு எழுதிப் பார்க்கலாம். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பான், நம்பரை மறக்க மாட்டான் என்பார்கள். அவர் மறந்திருந்தார். எழுந்து விறைப்பாக நின்று சொல்லுவார், ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு இலக்கம் மாறும். கிளார்க் சாப் மூன்று நம்பருக்குத் தனித்தனியாக எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் அவர் போய்விட்டார். மலர்வளையம் வைத்தார்கள்.

கரியப்பா ஓய்வு பெற்ற ஜனவரி 14-ஐ நாடு முழுவதும் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கம் அன்று போகியோ பொங்கலோ வந்துவிடும், கூட்டம் சேராது. இந்த வருடம் கிளார்க் சாப் அதற்கு முந்திய ஞாயிறே எல்லார் வீட்டுக்கும் போன் போட்டார். வாழ்த்து சொல்ல இல்லை. “எத வேணா எரிங்க, காகிதத்த எரிக்காதீங்க.”

பிறந்த தேதி

முனியம்மாள் கோப்பு முடிந்தது போலச் சொல்லிவிட்டேன், முழுக்க முடியவில்லை. பட்டாளப் பதிவில் பிறந்த தேதி 1-7-1958. ஆதாரில் 1-1-1961. இரண்டுமே குத்துமதிப்பு என்று அந்த ஒன்றுகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்த அம்மா தன் தம்பியைவிட இரண்டு வயது மூத்தவர், தம்பியின் பள்ளிச் சான்றில் 1960 இருக்கிறது. பெயரைக் கோட்டைவிட்ட அதே யூனிட் கிளார்க் வயதைக் கிட்டத்தட்டச் சரியாகப் போட்டிருக்கிறார்.

80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும், 85-ல் 30. பட்டாளக் கணக்கில் அது 2038. ஆதார் கணக்கில் 2041. முதலில் பெயர், தேதி அப்புறம் என்று தள்ளி வைத்திருந்ததைக் கிளார்க் சாப் போன மாதம் மறுபடி எடுத்தார். பள்ளிக்கூடம் போகாதவருக்கு வயதுச் சான்று எங்கிருந்து கொண்டுவருவது என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தோம்.

“அதெல்லாம் எதுக்குங்க அண்ணே? அதுவரிக்கும் நான் இருந்தாத்தானே?” என்றார். சாரிலிருந்து அண்ணனுக்கு எப்போது மாறினார் என்று நான் கவனிக்கவில்லை.

கிளார்க் சாப் பதில் சொல்லாமல் புதுத் தாள் ஒன்றை எடுத்து, தலையில் அவருடைய வீட்டுக்காரரின் நம்பரையும் ரேங்க்கையும் பெயரையும் எழுதி, கீழே ஒன்று என்று எண் போட்டார். “மனைவி பேர சொல்லும்மா, எழுத்துக் கூட்டிச் சொல்லு” என்றார். அந்த அம்மா பேனாவை வாங்கித் தானே எழுதினார்.